யாசீன் நின்ற இடம்

மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒரே வீட்டில் கூடி பீடி சுற்றுவோம். எனக்கு அக்கா முறையான அஸீலா ராத்தா என் பக்கத்தில் உட்காருவார். அவருக்கு அரபி வாசிக்கத் தெரியாது. அவருடைய உம்மா சொல்லச் சொல்லக் கேட்டு, குர்ஆனின் யாசீன் அத்தியாயம் முழுவதையும் மனதில் ஏற்றிக்கொண்டவர். வியாழன் மாலைகளில் இலை வெட்டிக்கொண்டே ஓதுவார். அந்த ஓசைக்கு எங்கள் கைகளும் ஓடும்.

ராத்தாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டியதற்கு அவர் அழவில்லை. முக்காடுதான் இருக்கே என்றார். ஒரு வியாழன் யாசீன் நடுவில் நின்றுவிட்டது. கையில் இலையோடு விழித்தார்.

“அதையும் மருந்து தின்னுட்டுளா,” என்றார்.

சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் மகன் சுஹைலிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் ஒரு டப்பா கொடுத்தனுப்பினான். ஞாபகசக்தி மாத்திரை, மேலே மூளைப் படம். வேளைக்கு ஒன்று என்றதை ராத்தா இரண்டாக்கினார். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கொப்பளித்துவிட்டு ஓத உட்கார்ந்தார். காலில் நீலத் திட்டுகளைப் பார்த்த நான், ஆஸ்பத்திரிக்குத் துணைபோன அன்று அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டேன்.

“வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா.”

ராத்தா பொய் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சத்து மாத்திரையை எங்கள் தெருவில் யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. பேரீச்சம்பழம், பால்பவுடரோடு பெட்டியில் வருகிற சாமான்தான் அதுவும்.

நான் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். ராத்தா என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா படித்துப் பார்த்தார். “இது ரத்தத்தை உறைய விடாதும்மா. உங்களுக்கு பிளேட்லெட் ஏற்கெனவே குறைஞ்சு கிடக்கு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா என்ன ஆகும்? இன்னைக்கு மருந்து ஏத்த முடியாது.”

“ஞாபகம் போகுதே, அதுக்கு என்ன தருவிய?”

“அதுக்குன்னு நம்பித் தர மாத்திரை இல்லம்மா. நல்லா தூங்குங்க, கொஞ்சம் நடங்க. சிகிச்சை முடிஞ்சா பல பேருக்குத் தெளிஞ்சிரும்.”

“எனக்கு?”

“பார்ப்போம்மா.”

அடுத்த வியாழன் ராத்தா ஓதத் தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிய அடுத்த சொல்லைப் பைய எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சதூரம் போனார். மறுபடி நின்றது. அதற்கப்புறம் எனக்கும் தெரியாது.

“அந்த டப்பா எங்கன இருக்குளா?”

“சாக்கடையில கொட்டிட்டேன் ராத்தா.”

மடியில் கிடந்த இலையை எடுத்து நீவினார்.

“சுஹைல்ட்ட சொல்லிராத. சங்கடப்படுவான்.”

கத்தரிக்கோலை எடுத்தார். மறுபடியும் முதலிலிருந்து ஓதத் தொடங்கினார். அந்த இடம் நெருங்க நெருங்க எங்கள் எல்லோருடைய கைகளும் நின்றுவிட்டன.