அகீலின் உள்ளங்கை

பீர்க் கோப்பையைத் தூக்குவதற்கு முன்னால் அகீல் டெவ்லோ தன் வலது உள்ளங்கையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவார். முகத்தைத் துடைத்துக்கொள்பவர் போல, யாரும் கவனிக்காத வேகத்தில். பத்து வயதில், கோடலீவின் மதுக்கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்தபோது அதை முதலில் பார்த்தேன். பிறகு கென்ட் நகரத்தில் படித்துப் பட்டம் வாங்கி, போப்பரிங்கவுக்கே திரும்பி, எங்கள் ஊர் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அவர் அங்கே தலைமைச் சுவைஞர். நான்கு வருடம் வாராவாரம் அதைப் பார்த்தேன். பெரிய சுவைஞர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு சடங்கு இருக்கும் என்று நினைத்தேன். நானும் சில நாள் அதைச் செய்து பார்த்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

வியாழன் காலை பதினொரு மணிக்குச் சுவைப்பு. வயிறு காலியாகவும் நாக்கு விழித்தும் இருக்கும் நேரம். மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஆலையின் முக்கியமான பீருக்கு ஊரில் ‘ஒன்பது’ என்றுதான் பெயர். ஒன்பது விழுக்காடு ஆல்கஹால், கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூ நிறைய. அகீல் புட்டியைச் சாய்த்து, இரண்டு விரல் நுரை நிற்கும்படி ஒரே ஊற்றாக ஊற்றுவார். அடியில் தங்கிய மண்டியைப் புட்டியிலேயே விட்டுவிடுவார். உள்ளங்கை, மூக்கு, அதன்பிறகு ஒரு வாய். முதலில் மால்ட்டின், அதாவது முளைவிட்ட பார்லியின், இனிப்பு வரும். அப்புறம் ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் மிளகு. கடைசியில் நாக்கின் வேரில் கசப்பு வந்து சேரும். அதற்காக அவர் கண்ணை மூடிக் காத்திருப்பார்.

“கசப்பு வந்து உக்காரணும். நின்னபடியே போயிடுச்சுன்னா அது பீர் இல்ல, மருந்து” என்பார்.

கசப்பை எண்ணில் அளப்பது என் வேலை. நான் தாளைத் திருப்பிக் காட்டும் முன்பே அவர் தன் தீர்ப்பை எழுதி முடித்திருப்பார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் மேலாளர் என் தாளை மடித்து ஓரமாக வைத்துவிடுவார்.

“லீஸலோட், உன் மெஷினுக்கு ஒரு வாய் ஊத்திக் குடும்மா, பாவம், தொண்டை வறண்டு கிடக்கு” என்று அகீல் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு ஊருக்கு வெளியே மூன்று ஹெக்டேர் ஹாப்ஸ் தோட்டம் இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அறுவடை முடிந்ததும் விவசாயிகள் காய்ந்த பூவைப் பொட்டலம் கட்டி ஆலைக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்பார்கள். அகீல் ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, முகத்தைக் கைக்குள் புதைத்து மோந்து பார்ப்பார். எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்பாவின் பொட்டலத்துக்கு எண் இருபத்து மூன்று. அகீல் மோந்தார். தலையைத் தூக்கினார்.

“வெங்காயம்.”

அவ்வளவுதான். பறிக்கத் தாமதமான ஹாப்ஸில் வெங்காய வாடை வந்துவிடும். அதைப் போட்டால் ஒரு கொப்பரை பீரும் வீண். முன்னால் நின்ற இருபத்து இரண்டாம் எண்ணும் அன்று வெங்காயம்தான். ஆனால் அந்த ஆளுக்கு நாற்பது ஹெக்டேர், பூ வாங்க நான்கு ஆலைகள். எங்களுக்கு இது ஒன்றுதான். அடுத்த வசந்தத்தில் தோட்டத்தில் கொடி ஏறும் கம்பங்களைப் பிடுங்கி விற்றோம். அப்பா உறையவைத்த காய்கறி விற்கும் தொழிற்சாலையில் கீரை அலசப் போனார். அறுவடை இயந்திரம் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டிக்கொண்டதால் இரண்டு நாள் காத்திருந்தது தன் தப்பு என்று அவர் நம்பினார். “ரெண்டு நாள் முன்னாடி பறிச்சிருக்கணும்” என்று ஈஸ்டர் விருந்திலும் சொல்வார், டயர் மாற்றும்போதும் சொல்வார். ஊரில் அவருக்கு வெங்காயம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளியில் எனக்கும் அதுதான். “நீ படிச்சிடு. மண்ணை நம்பாதே” என்றார் அம்மா. படித்தேன்.

அகீல் ஓய்வுபெறும் வருடம், பிரிவுபசார உரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. படித்தவள் என்பதால் வந்த வேலை. சுவையாக ஒரு குறிப்பு கிடைக்கட்டுமே என்று, சுவைப்பறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அவரிடம் கேட்டேன்.

“அந்தக் கையை மோந்து பாக்குற பழக்கம் எப்போ வந்துச்சு?”

அவர் குழாயை மூடினார். நெடுநேரம் கையைத் துடைத்தார்.

“உங்க அப்பாகிட்டேருந்து வந்துச்சு” என்றார்.

ஹாப்ஸின் பிசின் லேசில் கையை விடாது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நடுவில் சாராயத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அப்பா வரிசையில் நின்ற அன்று அவருக்கு உள்ளங்கை வெடித்திருந்தது. சாராயம் பட்டால் எரிந்தது. இருபத்து இரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில் மட்டும் துடைக்கவில்லை.

“சாயங்காலம் வீட்ல உங்க அப்பா பொட்டலத்தைத் திரும்பத் தேய்ச்சுப் பாத்தேன். சுத்தமான ஆரஞ்சு வாசம். அந்த வருஷத்துலயே நல்ல பூ.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“யார் பூவை வாங்குறதுன்னு பட்டியல் ஒட்டியாச்சு. என் மூக்கு தப்பும்னு ஒருதடவை தெரிஞ்சா அப்புறம் யார் என்னை நம்புவா? நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். அந்த நாளைக்கு வரவே இல்ல.”

கத்தினேன் என்று நினைக்க ஆசை. கத்தவில்லை. கோப்பையை அடுக்கிவிட்டு, “இதை அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது சொல்லணும்” என்றேன்.

“விழாவுல சொல்றேன். உரையில என்ன எழுதியிருக்க?”

படித்துக் காட்டினேன். ‘முப்பத்தெட்டு ஆண்டுகளில் இவர் மூக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை’ என்று ஒரு வரி இருந்தது. மேலாளர் சேர்க்கச் சொன்னது.

“அந்த வரியை அடிச்சுடறேன்” என்றேன்.

“வேணாம். இருக்கட்டும். நீ அதைப் படி. நான் எழுந்து அது பொய்னு சொல்றேன்.”

விழா கோடலீவின் கடையிலேயே நடந்தது. பொட்டலத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா கடைசி மேசையில், கல்யாணத்துக்குப் போடும் கோட்டில் இருந்தார். அவர் முன்னால் ‘ஒன்பது’. தோட்டம் போனதிலிருந்து அதை அவர் தொட்டதில்லை. மகள் பேசுகிறாள் என்பதற்காக அன்று வாங்கியிருந்தார்.

அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினேன். அகீல் எழுந்தார். உள்ளங்கை மூக்குக்குப் போனது. வாயைத் திறந்தார்.

அதற்குள் அப்பா தன் கோப்பையை உயரத் தூக்கினார்.

“தப்புமா அந்த மூக்கு? ரெண்டே ரெண்டு நாள் வெங்காயத்தையே கண்டுபிடிச்ச மூக்குய்யா அது!”

கடை அதிர்ந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தன் அவமானத்தைத் தானே பரிமாறுகிறவனுக்கு ஊரில் கிடைக்கும் அன்பு, பதினெட்டு வருடம் கழித்து அப்பாவுக்கு அன்று கிடைத்தது. அவர் முகம் சிவந்து மலர்ந்திருந்தது. அகீல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் சிரித்தார். “நன்றி” என்றார். குடித்தார். உட்கார்ந்துவிட்டார்.

நானாவது எழுந்திருக்கலாம். தாள் என் கையில்தான் இருந்தது. மிச்சத்தைப் படித்து முடித்தேன்.

வெளியே சைக்கிளை எடுக்கும்போது அகீல் என் பக்கம் பார்க்காமல், “உங்க அப்பன் சந்தோஷமா இருந்தான், பாத்தேல்ல? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்றேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. நவம்பரில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்து காபியும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி என் கையில் ஒரு நீலக் காகிதப் பொட்டலத்தைத் திணித்தார். “அலமாரியில வச்சிருந்தார். உங்க அப்பா பேர் எழுதியிருக்கு. என்னன்னு தெரியலம்மா.” மேலே எண் இருபத்து மூன்று.

அன்று மாலையே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, பழுப்பேறிய பூவில் ஒரு பிடி எடுத்து, பழைய வாகில் தேய்த்து மோந்தார். இத்தனை வருடம் கிடந்த ஹாப்ஸில் ஆரஞ்சும் இருக்காது, வெங்காயமும் இருக்காது. புளித்த பாலாடைக்கட்டி வாடைதான் அறை முழுக்க எழுந்தது.

“செத்தவன் மேல பழி போடாதடி” என்றார்.

“அவரே சொன்னார்ப்பா.”

“உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லியிருப்பான். அவன் மூக்கு தப்பாது. நீயே எல்லார் முன்னாடியும் படிச்சியே.” கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “ரெண்டு நாள் முன்னாடி பறிச்சிருக்கணும்.”

அன்று மூக்கு தப்பிவிட்டது என்ற ஒரு வாக்கியத்தை அப்பா நம்பும்படி சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் போனால் கோடலீவ் இன்னமும் கேட்கிறாள்: “என்ன வெங்காயம், உனக்கு எதை ஊத்தட்டும்?” அப்பா உடனே திரும்பிப் பார்க்கிறார்.