முப்பத்தொரு புள்ளிகள்

நடனப் பள்ளியில் அவளுக்கு ஆபீஸ் அக்கா என்று பேர். பெற்றோர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பிள்ளைகளும் அப்படித்தான், தண்ணீர் கேன் போடுகிறவரும் அப்படித்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடி வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலை கேட்க வந்தவள், லிஃப்ட் ஓடாததால் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றாள். அங்கேதான் இந்தப் பள்ளி. உள்ளே டீச்சர் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் வருகைப் பதிவேடுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இதை எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார். எழுதினாள். அப்படியே எழுதிக்கொண்டே இருந்துவிட்டாள். வக்கீல் தப்பித்தார்.

அந்தப் பதிவேட்டில் மூன்று குறிகள் உண்டு. வந்தால் டிக். வராவிட்டால் கோடு. மூன்றாவது, புள்ளி. காலில் சுளுக்கு, முதுகில் பிடிப்பு என்று ஆட முடியாமல் இருக்கும் பிள்ளையும் வகுப்புக்கு வந்தாக வேண்டும்; சுவரோரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துத் தொடையில் தாளம் போட வேண்டும். டீச்சரின் சட்டம் அது. "கால்தானே வலிக்குது? கண்ணு வலிக்கலைல்ல? உக்காந்து பாரு" என்பார். புள்ளியும் வருகைதான். அந்தப் பள்ளியில் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை.

அவளுடைய மகளும் ஆறு வயதிலிருந்து அங்கேதான் ஆடுகிறாள். ஏழெட்டு வருஷம் பின்வரிசையிலேயே நின்றாள். நன்றாக ஆடுகிற பெண்தான், ஆனால் அம்மா ஒரு வார்த்தை சிபாரிசு செய்ததில்லை. போன வருஷம் டீச்சராகவே அவளை இரண்டாம் வரிசைக்கு நகர்த்தினார். அன்றைக்குச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு அம்மாள், "ஆபீஸ் அக்கா பொண்ணுன்னா சும்மாவா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இவள் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக.

அது முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்கப்புறம் மகள் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தாலும் பதிவேட்டில் கோடு விழுந்தது. மற்ற பிள்ளைகள் பத்து நிமிஷம் தாமதமானால், "பாவம், டிராஃபிக்" என்று விட்டுவிடுவாள். இதைத்தான் அவள் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு முதல் வரிசையில் நடு இடம் கிடைத்தது. கிடைத்த மறு வாரமே பள்ளியின் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்கால் எலும்பில் கீறல். மாவுக்கட்டு. இரண்டரை மாதம், முப்பத்தொரு வகுப்பு, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி இரண்டு மாடி ஏறி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே ஏறினாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக் என்றால் சிரிப்பீர்கள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை. கட்டுப் பிரித்ததும் பெண் எழுந்து ஆடினாள், ஒரு அடி பிசகாமல். பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்திருந்தாள்.

இதற்கு நடுவில்தான் டீச்சரின் மருமகன் பள்ளிக்கென்று ஒரு வெப் ஆப் செய்துகொடுத்தார். வருகை, வகுப்பு நேரம், ஒத்திகை, பெற்றோருக்குச் செய்தி, எல்லாம் அதிலேயே. தங்கமான மனிதர், திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார், அவ்வளவுதான். கட்டுப் பிரித்த மறு வாரம், பழைய பதிவேட்டிலிருந்து ஆறு மாத வருகையை ஏற்றும் வேலை இவள் தலையில் விழுந்தது. முதல் நாளே கேட்டாள்.

"தம்பி, இதுல வந்தார், வரவில்லைன்னு ரெண்டுதான் இருக்கு. புள்ளிக்கு என்ன போடறது?"

"ஏதாவது ஒண்ணு போட்டுடுங்கக்கா. இப்ப மூணாவது சேத்தா எல்லாத்தையும் கலைக்கணும். அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அடுத்த வெர்ஷன் என்பது நடக்காத காரியத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் மரியாதையான பேர். அவளுக்கு அது தெரியாது. புள்ளி வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் "வந்தார்" என்று போட்டுக்கொண்டே வந்தாள். அதுதானே நியாயம். மகளின் பேர் வந்ததும் கை நின்றது. மாவுக்கட்டோடு கிடந்த பெண்ணுக்கு அம்மாவே வருகை போட்டுக்கொண்டாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? செருப்பு ஸ்டாண்டுக் குரல் காதிலேயே கேட்டது. "வரவில்லை" என்று அமுக்கினாள். முப்பத்தொரு தடவை அமுக்கினாள். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கிறுக்கி என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பை லைவ் பண்ணினார்கள். கூடம் நிறையப் பெற்றோர்கள். மருமகன் லேப்டாப்பைப் பெரிய திரையில் போட்டு என்னவோ தட்டினார். வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி வெள்ளை. "இங்க டெஸ்ட் பண்ணப்ப ஓடுச்சே" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஏதோ ஒரு ஃபைலை சர்வருக்கு ஏற்ற மறந்திருக்கிறார். அதை ஏற்றியதும் பள்ளியின் பேரோடு பக்கம் விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

டீச்சர் சொன்னார்: "இந்த வருஷத்துலேருந்து ஆண்டு விழாவுல மேடை ஏறுறவங்க பட்டியலை நான் போடப் போறதில்லை. நூத்துக்கு எழுபத்தஞ்சு வகுப்பு வந்தவங்களை சிஸ்டமே எடுத்துக்கும். இனிமே என்கிட்ட யாரும் சண்டைக்கு வரக் கூடாது." பிறகு இவள் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷம் நீதானே எழுதுனே. வா, நீயே அமுக்கு" என்றார்.

எழுபத்தைந்து என்ற கணக்கை அவள் அப்போதுதான் கேட்கிறாள். அது மண்டையில் ஏறுவதற்குள் கைதட்டல் அவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் லேப்டாப் முன்னால் நிறுத்திவிட்டது. "பட்டியலை வெளியிடு" என்று பச்சையாக ஒரு பொத்தான். அமுக்கினாள். கூடம் முழுக்கப் போன்கள் கிணுகிணுத்தன. அவளுடையதும்தான். "வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தது செய்தி. அத்தனை பேரில் விட்டுப்போனது ஒரே ஒருத்தி.

கூட்டம் கலைந்ததும் பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், இதெல்லாம் புள்ளி. நீங்களே பாத்தீங்களே, சுவரோரமா தினமும் உக்காந்திருந்தாளே!"

"பாத்தேன். மத்த புள்ளிக்கெல்லாம் வந்ததா போட்டிருக்கே. இதுக்கு மட்டும் ஏன் மாத்திப் போட்டே?"

"யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதேன்னுதான்..."

மருமகன் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நிமிஷ வேலைதான் அத்தை. நீங்க சரின்னா மாத்திடறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "எல்லார் போனுக்கும் பட்டியல் போயாச்சு. முதல் நாளே ஆபீஸ்காரி பொண்ணுக்காகத் திருத்துனாங்கன்னு பேர் வரும். நாலு பேர் பேசுவாங்கன்னு நீயே பயந்துதானே போட்டே? நான் மட்டும் பயப்படக் கூடாதா?"

அவள் பதிவேட்டை மூடினாள். டீச்சர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை; அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் சமையலறை மேஜையில் மகள் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகத் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு "வரவில்லை"க்கும் கீழே சின்ன எழுத்தில் "பதிந்தவர்: ஆபீஸ்" என்று இருந்தது.

"அம்மா, ஆபீஸ்னா நீதானே?"

"ஊர் பேசும்டி. உனக்குத்தான் கெட்ட பேர் வரும்னு நினைச்சேன்."

"நான் நொண்டிக்கிட்டு ஏறுனப்ப ஊரா பையைத் தூக்கிட்டு பின்னாடி வந்துச்சு? நீதானேம்மா வந்தே. உனக்குக்கூடவா நான் வரலை?"

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். மகள் மெதுவாகத்தான் கேட்டாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு மகள் கிளம்பவில்லை. கூப்பிட்டதற்கு, பரீட்சை என்றாள். பரீட்சை எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆபீஸ் அக்கா தனியாக இரண்டு மாடி ஏறி மேஜையில் உட்கார்ந்தாள். உள்ளே முதல் வரிசையின் நடுவில் வேறொரு பெண் நின்றாள். இவள் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பேராகப் பதிந்துகொண்டே வந்தாள். அந்தப் பேரில் நின்றாள். கடைசியில் "வரவில்லை" என்று அமுக்கினாள். இந்தத் தடவை அது நிஜம்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"அன்புள்ள பெற்றோரே, உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை. காரணத்தை ஆபீஸுக்குத் தெரிவிக்கவும்."