ஆ சிஸ்டரின் தங்கை

எங்கள் மனநல வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆ சிஸ்டர் என்றால்தான் தெரியும். மாத்திரையைக் கொடுத்ததும் "ஆ" என்பாள். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினால்தான் அடுத்த ஆள் வரலாம். மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் துப்புவதில் எங்கள் ஆட்கள் கில்லாடிகள். எனக்கெல்லாம் சர்வசாதாரணமாக டிமிக்கி கொடுப்பார்கள். அவளிடம் அது நடக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்பாள்.

நானும் அங்கே நர்ஸ்தான், அவளுக்கும் எனக்கும் ஒரே ஷிப்ட். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு எதுவும் வராது. ஒருமுறை ஒருத்தி அவள் முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டு, "சரிம்மா, இப்ப ஆ" என்றாள். வேலைக்கு வந்த புதிதில் இதற்கெல்லாம் அழுவாளாம். பிறகு அழுகை நின்றதாம், அப்புறம் கோபமும் நின்றதாம், கடைசியில் சிரிப்பும். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனதைச் சொல்வது போல அதையும் சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு தங்கை உண்டு. தங்கைக்கு இளவயதிலேயே காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. எங்கள் வார்டிலேயே இரண்டு தடவை இருந்திருக்கிறாள். அப்புறம் மாத்திரை பிடித்துக்கொண்டது. குரல்கள் அடங்கின. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடையில் பொத்தான் வைக்கவும் ஓரம் தைக்கவும் சேர்ந்தாள். கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் அக்கா தங்கை இருவருடைய அண்ணன் அப்படி இல்லை. இன்னொரு தடவை இவளுக்கு முற்றினால் மருத்துவமனையின் பின்கட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தான். பின்கட்டு என்பது போனவர்கள் திரும்பி வராத கட்டடம். அங்கே துவைத்துப் போடும் துணியில்கூட நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது.

ஆகவே ஆ சிஸ்டருக்கு இருந்தது ஒரே வேலை, தங்கையைப் பின்கட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் தங்கை கையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே திரும்பிப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஏன் வாயைப் பார்ப்பதில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுல அவ என் தங்கச்சி. பேஷண்ட் இல்ல" என்றாள்.

எனக்கு அது பெரிய மனசாகப் பட்டது.

மழைக்காலத்தில் தங்கை தூங்காமல் இருக்கத் தொடங்கினாள். ஜன்னல் இடுக்கில் துணியைச் சுருட்டி அடைத்தாள். ஆ சிஸ்டர் உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். என் கையாலேயே கொடுக்கிறேன் என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் டாக்டர் தோண்டித் துருவியிருப்பார். சொன்னது ஆ சிஸ்டர் ஆயிற்றே. மறுபேச்சுப் பேசாமல் அளவைக் கூட்டினார்.

கூட்டியும் அடங்கவில்லை. நடுச்சாலையில் நின்று இல்லாத ஒருத்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளைத் தையல்காரர்தான் கையைப் பிடித்து எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தார். சொந்தக்காரரை நாமே கவனிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆ சிஸ்டரை ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள், தங்கை என் பொறுப்புக்கு வந்தாள். கூட்டிய அளவை நானே கொடுத்தேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பெண் மரக்கட்டை ஆனாள். எச்சில் ஒழுக, இடித்த புளி மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இதே மாத்திரையை வீட்டில் விழுங்கியவள் எப்படி நடமாடினாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

விடை பொத்தான் டப்பாவில் கிடைத்தது. ஆ சிஸ்டரின் சீருடையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. வேறு பொத்தான் தேடி, வீட்டில் தங்கையின் டப்பாவைத் திறந்திருக்கிறாள். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே வெள்ளை மாத்திரைகள். எச்சிலில் ஊறி, உப்பி, பிறகு காய்ந்தவை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்தாலே போதும்.

டப்பாவோடு நேராக டாக்டரிடம் வந்தாள். "நான் பாக்கல டாக்டர். தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. தலைகூடக் குனியவில்லை. டாக்டர் அளவைக் குறைத்தார். சில நாளில் தங்கை தெளிந்ததும், மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி போட்டுவிடலாமா என்று அவளையே கேட்டார்.

"நாள் முழுக்க ஊசியோடதான் இருக்கேன் டாக்டர். மாத்திரையே குடுங்க" என்றாள் தங்கை. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. ஏன் துப்பினாய் என்றதற்கு, மாத்திரை போட்டால் எதுவுமே உறைக்கவில்லை என்றாள். ஊசி விரலில் ஏறி, துணியில் ரத்தம் பரவிய பிறகுதான் தனக்கே தெரிந்தது என்றாள்.

அண்ணன் வந்தான். பின்கட்டுக்குத் தாளைத் தயார் செய்யச் சொன்னான். ஆ சிஸ்டர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அதே பச்சைத் தண்ணீர்க் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவனுக்கே சலித்துப்போய், உன் தலையெழுத்து என்று எழுந்து போனான். தையல்காரரும் கடையில் தங்கையின் இடத்தை விட்டுவைத்திருந்தார், ஆனால் இதுதான் கடைசி முறை என்று சொல்லியனுப்பினார்.

தங்கை வீட்டுக்குப் போன அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்தோம். ஆ சிஸ்டர் மாத்திரையைக் கொடுத்தாள், நான் தண்ணீர் கொடுத்தேன். தங்கை விழுங்கிவிட்டுத் தம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். ஆ சிஸ்டரின் கால்கள் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பின. அப்புறம் நின்றாள்.

"ஆ" என்றாள். வார்டில் அது அதட்டல் மாதிரி வரும். இங்கே காற்றுதான் வந்தது.

தங்கை வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். இரண்டு கன்னத்தையும் தானே இழுத்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. ஆ சிஸ்டர் தலையசைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"மொத நாளே பாத்திருக்கலாம்லக்கா" என்றாள். "அன்னைக்கு நாக்குக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். கன்னத்துலகூட ஒதுக்கல."

"நீ என் தங்கச்சின்னு விட்டுட்டேன்."

"தங்கச்சிதானே. அதான் நீ பாப்பேன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை. ஆ சிஸ்டர் என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.