பச்சை இலை போட்ட நூடுல்ஸ்

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் என் தம்பி செந்தில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் அவன் வெல்டர். ஏழு வருடமாக வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான டார்மிட்டரியில் வாசம். அவனைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து ஐந்து நாள் பயணமாக வந்திருந்தேன். மற்ற நாளெல்லாம் அவனுக்கு வேலை. இந்த ஒரு நாள்தான் எங்களுக்கு.

"இங்கேயே ஒரு இலைச் சாப்பாடு சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமே" என்றேன்.

"அது மதுரையிலயே கிடைக்கும்க்கா. குவீன்ஸ்டவுன்ல ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கு. ஜப்பான், மலாய், நம்மூரு எல்லாத்தையும் கலந்து சமைப்பாங்க. டேபிள் புக் பண்ணிட்டேன்."

போன வருடம் அந்தப் பக்கம் ஒரு வேலைக்குக் கம்பெனி அனுப்பியபோது, கம்பெனி பஸ்ஸிலிருந்து தினமும் அந்தக் கடையைப் பார்த்திருக்கிறான். உள்ளே போனதில்லை. என் மகள் கடும் காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்த நாளில் நேர்ந்துகொண்டு, பதினோரு வருடமாக நான் மீனோ கறியோ தொடுவதில்லை. அதனால் அவன் போனில் மெனுவைத் தேடி, சைவத்துக்கான பச்சை இலை அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடம் பிடித்திருந்தான்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம். பன்னிரண்டே கால் மணிக்கு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தக் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினோம். வாசலில் நின்ற பெண் செந்திலை மேலும் கீழும் பார்த்தாள்.

"டெலிவரியா? பின்பக்கம் போங்க" என்றாள் ஆங்கிலத்தில்.

அன்று காலையில்தான் இஸ்திரி போட்ட சட்டை. கையில் பை கூட இல்லை. அவன் போனை நீட்டி புக்கிங்கைக் காட்டினான். ஜன்னலோரம் நான்கு மேசைகள் காலியாக இருந்தும், கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை கொடுத்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "விடுக்கா" என்றான். அவன் ஆசைப்பட்ட நாளைக் கெடுக்க மனமில்லாமல் உட்கார்ந்தேன்.

கறிவேப்பிலை நூடுல்ஸ், பத்தொன்பது டாலர், பக்கத்தில் பச்சை இலை. எனக்கு அதை ஆர்டர் சொன்னான். தடித்த ஜப்பானிய நூடுல்ஸ். மேலே பொரித்த கறிவேப்பிலை, அடியில் சிவப்பாக ஒரு விழுது. ருசியாகத்தான் இருந்தது. அந்த ருசியில் எப்போதோ எனக்குப் பழக்கப்பட்ட ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. மூன்று வாய் சாப்பிட்டிருப்பேன். வாசனை தட்டவே செந்தில் என் தட்டை இழுத்து முகர்ந்து, விழுதை நாக்கில் வைத்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அக்கா, வேணாம். துப்பிடு. இதுல பிளாச்சான் இருக்கு. இறாலைக் காயவெச்சு இடிக்கிற கட்டி."

கழிவறைக்கு ஓடி வாயைக் கொப்பளித்தேன். பதினோரு வருடம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது, செந்தில் கூப்பிட்டிருந்த மேலாளர் எங்கள் மேசையருகே நின்றிருந்தார். கோட்டு போட்ட தமிழர், பேச்சில் 'லா' சேர்க்கும் இந்த ஊர்க்காரர். செந்திலைத் தாண்டி என்னிடம் பேசினார்.

"மேடம், இது வெஜிடேரியன்தான். தம்பிக்குத் தெரியாது லா. டார்மிட்டரி கேட்டரிங் சாப்பிட்டுப் பழகினவங்களுக்கு இந்த டேஸ்ட் புதுசா இருக்கும்."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில் எழுந்துவிட்டான்.

"கேட்டரிங்ல வாரத்துல மூணு நாள் பிளாச்சான் சம்பல்தான் அண்ணே வருது. அதனாலதான் எனக்குத் தெரியுது. சமைச்சவங்களைக் கூப்பிடுங்க."

"கிச்சன் பிஸி."

"கூப்பிடுங்க. அதுவரைக்கும் நாங்க போகப் போறதில்ல" என்றேன் நான். எல்லா மேசைகளும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.

தலைமைச் சமையல்காரர் ஒரு மலாய்ப் பெண்மணி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து விழுதை எடுத்து ருசித்தார். "இவர் சொல்வது சரி" என்றார் ஆங்கிலத்தில். "போன வாரம் சாஸை மாற்றினோம். மெனுவை மாற்றச் சொன்னேனே?" கேள்வி மேலாளரைப் பார்த்து. பிறகு எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு.

மேலாளர் என்னிடம் மட்டும் "சாரி மேடம்" சொன்னார். காசு வேண்டாம், ஐஸ்கிரீம் தருகிறேன் என்றார்.

"ஐஸ்கிரீம் வேணாம்" என்றான் செந்தில். "மெனுவுல அந்த இலையை அடிங்க. எல்லா மெனுவுலயும்."

"நாளைக்கு மாத்திடறோம், பிரதர்."

"இப்பவே. இன்னைக்கு மத்தியானமே இன்னொருத்தர் அதை நம்பிச் சாப்பிடுவாங்க."

மேலாளர் அசையவில்லை. அந்தப் பெண்மணிதான் கல்லாவிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து ஒவ்வொரு மெனுவிலும் அந்த இலையை அடித்தார். கடைசி மெனு முடியும்வரை நாங்கள் நின்றோம். என் தம்பி சொன்னதை நம்பாமல் அவமதித்ததற்கு அந்தக் கோட்டுக்காரர் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

1.30. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது செந்தில், "சாரிக்கா, நான்தான் கூட்டிட்டு வந்து உன் நேர்த்தியைக் கெடுத்துட்டேன்" என்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவமானப்பட்டவன் அவன், மன்னிப்பும் அவனே கேட்க வேண்டுமா? "நீதான்டா காப்பாத்துன" என்றேன். அந்தத் தெரு முனையிலேயே அவனைக் கட்டிக்கொண்டேன். கூச்சத்தில் நெளிந்தான்.

மதுரை திரும்பிய இரண்டாம் நாள் வேலைக்குப் போனேன். ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. சிமெண்ட் படிந்த சட்டையோடு ஒருவர், நான் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற மாத்திரை மாதிரி இருக்கும்மா" என்றார். "அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், வாங்கிட்டுப் போங்க" என்று எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்! அன்றும் நாக்கு நுனிவரை அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டு, டாக்டர் எழுதிய சீட்டை அவரிடம் வாங்கி, அவர் பார்க்க ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கத் தொடங்கினேன்.