சவுக்காரம் ஏற்றிய போர்க்கப்பல்

பத்து வயதில் நான் ஒரு போர்க்கப்பலைச் சாமான் கப்பலாக மாற்றியிருக்கிறேன். கடற்படைகள் இந்த வேலைக்குப் பொறியியலாளர்களையும் கப்பல் பட்டறைகளையும் வருடக்கணக்கான காலத்தையும் செலவழிக்குமாம். என்னிடம் இருந்தவை ஒரு குளியல் தொட்டி, அப்பாவின் ஸ்குரூ டிரைவர், இரண்டு கிழமை. மிச்சமெல்லாம் பிடிவாதம். அதற்கு மட்டும் எங்கள் வீட்டில் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

கப்பலைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், நார்த்மீட் என்ற புறநகரில், அவருடைய தெருவில் யாரோ வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றபோது வாங்கினாராம். என் உயரத்தில் முக்கால்வாசி நீளம். சாம்பல் நிறம். மூன்று சுழலும் மேடைகளில் ஒன்பது பீரங்கிகள். ரிமோட்டில் ஓடும். அதைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வாசலில் அவர் வந்து நின்றபோது, உலகத்திலேயே நல்ல மனிதர் இவர்தான் என்று முடிவுசெய்தேன். உடனே அம்மா கதவைத் திறந்தார்.

"உது உள்ளுக்கு வரப்படாது."

விளையாட்டுச் சாமான்தானே அண்ணி என்று சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். கப்பல் கராஜுக்குப் போனது, புல்லுவெட்டும் மெஷினுக்கும் பழைய சூட்கேஸ்களுக்கும் நடுவில். நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் வாதாடினேன். அம்மா வழக்கம்போலத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். துவக்கு வைத்த கப்பல் இந்த வீட்டுக்குள் வேண்டாம், அவ்வளவுதான்.

எதற்காக என்று கேட்கும் புத்தி எனக்கு இருக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது காரணம் அல்ல, தீர்ப்பில் ஓர் ஓட்டை. பள்ளிக்கூட நூலகத்தில் கப்பல்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் அது கிடைத்தது. கிழடாகிப்போன போர்க்கப்பல்களை எல்லா நாடுகளும் உடைத்து விற்றுவிடுவதில்லை. சிலவற்றின் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று மற்றக் கப்பல்களுக்குச் சாமான் சுமந்தது. ஒன்று நடுக்கடலில் பட்டறையாக நின்றது. ஒன்றின் முதுகில் பெரிய கிரேனைப் பூட்டிப் பாரம் தூக்க வைத்தார்கள். சுடுகிற வேலையிலிருந்து பென்ஷன் எடுத்துக்கொண்டு, அதே கடற்படையில் சமையல்காரராகச் சேர்ந்தது மாதிரி.

அன்றைக்கே அம்மாவிடம் பேச்சுவார்த்தைக்குப் போனேன். பீரங்கிகளைக் கழற்றுவேன். சாம்பல் நிறத்தையும் மாற்றுவேன். பக்கத்து ஏரியில் மாதிரிக் கப்பல் விடுகிற அங்கிள்மார் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். அதில் ஒரு பிரிவு, அரைக் கிலோ சாமானை அக்கரைக்குக் கொண்டுசேர்ப்பது. என் கப்பல் அதைச் செய்துவிட்டால், அது சாமான் கப்பல்தான் என்று நிரூபணமாகிவிடும். அதற்குப் பிறகு அது வீட்டுக்குள் வரலாமா?

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே, "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் சம்மதத்துக்கு அதைவிட நெருக்கமான சொல் கிடையாது.

மூன்று பீரங்கி மேடைகளும் ஒரே பின்னேரத்தில் கழன்றன. உள்ளே பார்த்தால், அடித்தட்டு முழுக்க ஈயக்கட்டிகள் ஒட்டியிருந்தன. குண்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாமான் கப்பலுக்குக் குண்டு எதற்கு? அவற்றையும் பெயர்த்து எடுத்தேன். பிறகு வரவேற்பறைக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை அடித்தேன். கப்பலும் சுவரும் ஒரே நிறமாக இருந்தால் அம்மாவின் கண்ணில் அதிகம் படாது என்பது என் கணக்கு. நிராயுதபாணியான அந்த மஞ்சள் கப்பலைக் குளியல் தொட்டியில் விட்டேன். அது வெறும் போத்தல் மாதிரித் துள்ளி மிதந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாகக் குப்புறக் கவிழ்ந்தது.

அப்பாவுக்குச் செவன் ஹில்ஸில் தகடு வளைக்கிற தொழிற்சாலையில் வேலை. அதனால் வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் நிபுணர். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அந்த ஈயம் குண்டில்லை, கப்பலை நிமிர்த்தி வைத்திருக்கிற பாரம் என்று விளக்கினார். அவர் சொன்ன விதத்தில், இதை அறியாத மனிதர் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று தெரிந்தது. ஈயத்தைத் திரும்பவும் வைத்து, அதன்மேல் அரைக் கிலோவையும் ஏற்றினால் தளம் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே ஈயம் இருந்த இடத்தில் சாமானே பாரமாக இருக்கவேண்டும். நான் சின்னப் பைகளில் அரிசி கட்டி வைத்தேன். கப்பல் திரும்பும்போதெல்லாம் பைகள் ஒரு பக்கம் ஓடின. கப்பலும் அவற்றோடு போனது. ஒரு கிழமைக்குள் நான்கு தடவை மூழ்கியது. என் வீட்டுப்பாடக் கொப்பி ஒன்றும் கூடப்போனது. நான் விடவில்லை.

ஐந்தாவது தடவை மூழ்கியபோது அம்மா குளியலறைக்குள் வந்தார். அதுவரை அவர் கப்பலைப் பார்க்கக்கூட வந்ததில்லை. நனைந்த அரிசியைப் பார்த்தார். குசினிக்குப் போய், புது உடுப்புச் சவுக்காரக் கட்டிகள் இரண்டும் கத்தியுமாகத் திரும்பி வந்தார். சவுக்காரத்தை அளந்து வெட்டி, அடித்தட்டில் துண்டு துண்டாக இறுக்கி அடுக்கினார். ஒரு நூல் இடைவெளி இல்லை. கப்பல் நிமிர்ந்து நின்றது.

எனக்குச் சந்தோஷத்தைவிட ரோசம்தான் கூட. சாமான் கப்பலில் அரிசி போகும், மா போகும், சவுக்காரம் யாருக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"அரிசி மா எப்பிடியும் வரும். சவுக்காரம்தான் வராது" என்றார் அம்மா. "அதைத்தான் சனம் பாத்துக்கொண்டு நிக்கும்."

சனிக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். போட்டி விதிப்படி இக்கரையில் ஒருவர் கப்பலை ஓட்டவேண்டும், அக்கரையில் வீட்டு ஆள் ஒருவர் நின்று சாமானை வாங்கவேண்டும். ரிமோட்டின் பின்மூடி உடைந்திருந்ததால், பற்றரிகளைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்கிற பதவி சித்தப்பாவுடையது. அக்கரைக்கு மிஞ்சியது அம்மா. மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ ஏரியைச் சுற்றி நடந்து போய், தண்ணீர் ஓரத்தில் நின்றார். கையில் மடித்த ஒரு துணிப்பை. அரைக் கிலோ சவுக்காரத்துக்கு அவ்வளவு பெரிய பையா என்று நான் சித்தப்பாவிடம் பகிடி விட்டேன்.

மற்றப் பிள்ளைகளின் கப்பல்கள் பளபளத்தன. எங்களுடையது வரவேற்பறைச் சுவரில் ஒரு துண்டு கழன்று மிதப்பது போலிருந்தது. பீரங்கி இருந்த ஓட்டைகளை ஐஸ்கிரீம் பெட்டி மூடிகளை வெட்டி ஒட்டி அடைத்திருந்தேன். அடைத்ததாக நினைத்திருந்தேன்.

பாதி வழியில் நுரை வரத் தொடங்கியது. முதலில் பின்பக்கம் கொஞ்சம், பிறகு இரண்டு பக்கமும் தாராளமாக. நீந்திக்கொண்டிருந்த தாராக்கள் விலகிப்போயின. விசில் வைத்திருந்த தொப்பி அங்கிள், உங்களுடைய கப்பல் உடுப்புத் தோய்க்கிறதா என்று மிக மரியாதையாக விசாரித்தார். சித்தப்பா சிரித்ததில் பெருவிரல் வழுக்கிக் கப்பல் ஒருமுறை நின்றே போனது. நான் ரிமோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள். அதனால் என்ன, முதலாவதாக வரவேண்டும் என்று பேச்சில்லை. போய்ச் சேரவேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

சவுக்காரம் கரையக் கரையக் கப்பல் இடப்பக்கம் இழுத்தது. அக்கரைக்கு ஒரு பஸ்ஸின் நீளம் இருக்கும்போது மூக்கு முழுக்க விலகிவிட்டது. வலப்பக்கம் திரும்ப மாட்டேன் என்றது. எனக்கு ஒரு யுக்தி தோன்றியது, இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு: இடப்பக்கம்தான் போவாய் என்றால் போ, ஒரு முழு வட்டம் அடித்து நேராக வா. வட்டத்தைத் தொடங்கினேன். கப்பல் அம்மாவுக்கு முதுகு காட்டித் திரும்பியது.

அம்மா தண்ணீருக்குள் இறங்கினார்.

செருப்போடு, முழங்கால் அளவில், பிறகு இடுப்பளவில். நான் கத்தினேன், சித்தப்பா கத்தினார், விசில் ஊதியது. அவருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கப்பலை எட்டிப் பிடித்து நெஞ்சோடு அணைத்தார். அங்கேயே, அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்று, மூடியைப் பிய்த்துச் சவுக்காரத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குள் போட்டார். கப்பல் தானாகக் கரை தொடாததால் கணக்கில் இல்லை என்று தொப்பி அங்கிள் வருத்தத்தோடு அறிவித்தார்.

வீடு வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. கராஜ் கதவைத் திறக்கக் காரிலிருந்து இறங்கினேன். அம்மா ஈர உடுப்போடு, கப்பலைத் தூக்கிக்கொண்டு, என்னைக் கடந்து முன்வாசலால் உள்ளே போனார். குசினியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். என்னுடைய கோபத்துக்குப் பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். வெகுகாலம் அந்த ஆயுதத்தை வேறு விஷயங்களிலும் பயன்படுத்திப் பார்த்தேன். அது திரும்ப ஒருநாளும் வேலை செய்யவில்லை. சவுக்காரத் துண்டுகளை அம்மா வெயிலில் காயவைத்து, விரல் நகம் அளவாகும்வரை பாவித்தார். கஞ்சத்தனம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன்.

சண்டையால் அம்மாவின் ஊருக்குத் தரைப்பாதை மூடியிருந்த காலத்தில் சாப்பாட்டுச் சாமான் கப்பலில் வந்ததும், கடலிலிருந்து சுடுகிற கப்பல்களும் அதே கடலில் நின்றதும் நான் பெரியவளான பிறகு அம்மாவின் தங்கை, சின்னம்மா, சொல்லித்தான் தெரியும். அன்றைய என் வயதில் அம்மா ஒருநாள் விடியவே பையோடு போய்க் கரையில் நின்றாராம். சாமான் கப்பல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்து, பிறகு திரும்பிப் போய்விட்டதாம்.

போட்டியன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு அது எதுவும் தெரியாது. தெரிந்தது கப்பலோட்டும் கலை மட்டும். கதிரையில் முழங்காலிட்டு நின்று, மேசையில் விரலால் வட்டம் போட்டுக் காட்டி, தோல்விக்கு யார் பொறுப்பு என்று விளக்கினேன். இன்னும் அஞ்சு நிமிசம் நின்றிருந்தால் கப்பல் திரும்பி வந்திருக்கும், அம்மா.

"ஓம்" என்றார் அம்மா, என் கோப்பைக்குள் இன்னொரு அகப்பை சோறு போட்டபடி. "அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

‘அண்டைக்கு’ என்றால் எந்த நாள் என்று யோசிக்காமல், அவர் தொப்பி அங்கிளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த அங்கிள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மாவைத் திருத்தினேன்.