பந்தாட்டத்துக்கு வந்த மாடுகள்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அப்பா, தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டு வண்டி நிற்கிறது."

மைதானத்தில் கால்பந்து மேட்ச் என்றால், பார்க்க வண்டி கட்டி வருபவர்களுக்கு எங்கள் வாசல்தான் மாட்டுக்கொட்டில். ஒரு காளையை என் சன்னல் கம்பியிலேயே கட்டிவிட்டார்கள். இன்னொன்று கோலத்தைச் சாணத்தால் திருத்தி முடித்திருந்தது.

அப்பா கெஞ்சினார்: "பொண்ணு பாக்க வாராங்க. வண்டிய அங்கிட்டுத் தள்ளுங்க."

"ஆட்டம் முடியட்டுங்க. பொண்ணு எங்கிட்டு ஓடிரப் போவுது?" என்றார் வண்டிக்காரர்.

கல்யாணமானால் நான் புத்தகம் படிப்பதை நிறுத்திவிடுவேனா என்று கடிதம் எழுதிக் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரைவிட இவர் நாகரிகமானவர்.

மாட்டுக் கொம்புகளுக்கு நடுவே தெருமுனை எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழி கிடைக்காமல் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள்.

பாதியில் திரும்பியது அபசகுனம், இனி வருவதற்கில்லை என்று மாலையில் ஆள் வந்து சொன்னார்.