சாய்தளத்தில் காய்ந்த மிளகு

சில்வர் ஓக் மரத்தில் ஏறி, அதில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பறிக்கும்போது விழுந்தவன் நான். இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. கல்யாண வீடு, கோயில், ஓட்டுச்சாவடி, எங்கே போனாலும் யாராவது தூக்கித்தான் போகவேண்டும். தூக்குகிறவர்கள் நல்லவர்கள். அதுதான் தொல்லை, கோபித்துக்கொள்ளவும் முடியாது.

எங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஐந்து படி. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்டுங்கள், அது என் உரிமை என்று நான்கு வருடம் மனு எழுதினேன். ஒவ்வொரு மனுவுக்கும் ஒண்டிக்கடை பஜாருக்கு ஆள் அனுப்பி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வேன். என் மனைவி அந்தக் காகிதங்களை ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. போன வருடக் கடைசியில் ஒருவழியாகக் கட்டிவிட்டார்கள். வழவழப்பான சிமெண்டு, நாள் முழுக்க வெயில்.

மார்ச்சில் கிராம சபை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி விடிந்ததும் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு நானே சக்கரத்தைத் தள்ளிப் போனேன். ஒரு தடவையாவது அந்த வாசலை நானாகத் தாண்டவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சாய்தளம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "வாங்கண்ணா, ஒரு நிமிசந்தான், தூக்கிட்டுப் போயிரலாமுங்க."

"மிளக அள்ளுங்கப்பா. நானே ஏறிக்கிறேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு மிளகுன்னு தெரியலைங்களே. கேக்காம எப்படிங்கண்ணா கை வைக்கிறது?"

அவர்கள் சொன்னது சரிதான். எங்கள் மலையில் காயப்போட்டதை அடுத்தவர் தொடமாட்டார்கள். அதனால்தான் எதற்கும் காவல் கிடையாது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் என்னைத் தூக்குவதற்கு மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை, என்னையும் சேர்த்து.

ஆத்திரத்தில் கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் மிளகுக்கு அடியில் விரித்திருந்த சேலையின் ஓரம் கண்ணில் பட்டது. நீலத்தில் மஞ்சள் பூ. கல்யாணமான மறுவருடம் மனைவிக்கு நான் எடுத்துக்கொடுத்தது. 'எங்க ஊட்டு மிளகுதான், அள்ளுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் இங்கே வரக்கூடும் என்று என் வீட்டிலேயே நினைக்கவில்லை என்பதை ஊர் முன்னால் எப்படிச் சொல்வது? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் மிளகு மூட்டையோடு வந்தாள். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"நம்ம ஊட்டுக்கிட்ட ஏதுங்க வெயிலு, ஒரே மர நெழலு. பஞ்சாயத்து ஆபீசுல புதுசாக் கட்டுனாங்களே, அங்க நொம்ப நல்லாக் காயுதுங்க. அது மேல யாரும் ஏறுறதுமில்ல."

அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"நாளைக்கும் அங்கயே போடட்டுங்களா?"

"போடு" என்றேன்.